ராணுவ ஜீப் வீட்டுக்கு ஆகுமா?

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம். கணவர் மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி திருக்கழுக்குன்றத்தில் பள்ளி ஆசிரியை. எட்டாவது படிக்கும் ஒரு பெண். எழுபதைத் தாண்டிய பாட்டி. ஒரு பைக்கும் ஒரு ஸ்கூட்டருமாக ஓடிக்கொண்டிருந்த வீட்டில், பாட்டியின் முழங்கால் வலி அதிகமானதும் கார் பேச்சு வந்தது. எந்தக் கார், புதுசா பழசா என்று மனைவி கேட்டதற்கு யாரும் எதிர்பார்க்காத பதில் வந்தது.

"ஒரு மிலிட்டரி ஜிப்ஸி பாத்து வச்சிருக்கேன்."

"என்னங்க, விளையாடறீங்களா?"

விளையாட்டில்லை. மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் அது நின்றிருந்தது. ராணுவம் கழித்துவிட்ட வண்டியை யாரோ ஏலத்தில் எடுத்து, சிவில் நம்பர் வாங்கி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து ஓட்டி, இப்போது விற்கக் கொண்டுவந்திருந்தார்கள். பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஓரங்களில் பழைய பச்சை தெரியும். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்பது அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது!

பச்சையை ஏன் மறைத்தார்கள் என்று கேட்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதி என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் வண்டியைத் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை நிறம் அடிக்கக் கூடாது என்கிறது அது. ராணுவ வண்டியை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த நிறத்தின் மேல்தான் ஆசை. அது முதல் நாளே போய்விடும்.

இந்த ஆசை இவர் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லீஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் மிஞ்சியவை ஊர் ஊராக மக்கள் கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸில் அவற்றை நீட்டி, மேலே கூரை போட்டு 'ஜீப்னி' என்ற பேருந்தாகவே ஆக்கிவிட்டார்கள். இந்தியாவில், 1945-ல் தொடங்கிய மஹிந்திரா அண்டு முகமது கம்பெனி (1948-ல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆனது) வில்லீஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு நம் கிராமங்களில் ஜீப் வந்தது என்றால் ஒன்று தாசில்தார், இல்லை போலீஸ், இல்லாவிட்டால் தேர்தல். பையன்கள் பின்னாலேயே ஓடுவார்கள். அப்படி ஓடியவர்களுக்கு இப்போது ஐம்பது வயது ஆகிறது. கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

அடுத்து வந்தது ஜோங்கா. ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில், நிஸ்ஸான் பட்ரோல் வண்டியின் மாதிரியில், 1969 முதல் 1999 வரை செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். சென்னை ரசிகர்களின் 'தல' தோனி 2019-ல் பழைய ஜோங்கா ஒன்றை வாங்கி ராஞ்சித் தெருக்களில் ஓட்டியதைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. அவருக்குப் பெட்ரோல் கணக்கு ஒரு கணக்கா?

சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய ராணுவ வண்டி என்றால் அது மாருதி ஜிப்ஸிதான். 1985 டிசம்பரில் 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996-ல் 1298 சிசி ஆகி 'ஜிப்ஸி கிங்' என்று பெயர் மாறியது. 2000-ல் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்து 80 குதிரைசக்தி ஆனது. ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கியது. ஏறக்குறைய ஒரு டன் எடைதான், அதனால் மலையிலும் மணலிலும் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். கம்ப்யூட்டர் சமாச்சாரம் குறைவு. நன்றாக வேலை தெரிந்த எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம். உதிரிபாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-ல் நின்றுவிட்டது. ஏர்பேக், ஏ.பி.எஸ். எதுவும் இல்லாத வண்டி, புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

சரி, இவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? சின்ன வயதுப் பித்து மட்டும் காரணமில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி இந்தக் குடும்பம் முடிச்சூரில் வாடகை வீட்டில் இருந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மூன்று வயதுக் குழந்தையையும் அம்மாவையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு ராத்திரி மொட்டைமாடி அறையில் கிடந்தார்கள். தெருவில் கார்கள் மூழ்கிக்கொண்டிருந்தபோது, ஒரு ஜீப் இருந்தால் இவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேனே என்று அவர் நினைத்தார். பத்து வருடமாக அந்த நினைப்பு போகவில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, விடியும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அவர். இதை மனைவியிடம் அவர் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும்.

விசாரிக்க ஆரம்பித்ததும்தான் காகித வேலை எவ்வளவு என்று தெரிந்தது. ராணுவ வண்டிகளுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி பாதுகாப்புத் துறையே பதிவு செய்துகொள்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட நம்பர் பிளேட்டைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். வண்டி அரசாங்கத்தின் கையை விட்டுப் போனதும் சாதாரண வண்டியைப் போலவே பதிவு செய்தாக வேண்டும். ஏலத்தில் கொடுத்த விற்பனைக் காகிதங்கள் இல்லையென்றால் அது வண்டியே அல்ல, இரும்பு. 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் கடந்த அரசாங்க வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்காமல் உடைத்துவிட வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ராணுவத்தின் போர்ப்பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே எம்.எஸ்.டி.சி. இணைய ஏலத்தில் ஒரு வண்டியைப் பார்த்தால், ஓட்டுவதற்கு விற்கிறார்களா உடைப்பதற்கு விற்கிறார்களா என்பதை முதலில் படிக்க வேண்டும். படத்தைப் பார்த்து மயங்கினால் கதை முடிந்தது.

இந்த ஜிப்ஸிக்கு ஆர்.சி. இருந்தது, டி.என்.19 நம்பர். ஆனால் வயது 20-ஐ நெருங்கியிருந்தது. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிப்பார்கள். அதற்கான கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. "பெட்ரோல் எஞ்சினை எடுத்துட்டு டீசல் போட்டுக்கலாம் சார், மைலேஜ் வரும்" என்று ஷெட்டில் ஒருவர் ஆசை காட்டினார். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டி செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் சொல்லியாயிற்று. இன்ஷூரன்ஸ்காரர் விபத்து நடந்த அன்றைக்குத்தான் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவார்.

பெட்ரோல் கணக்கை மனைவிதான் போட்டார், பள்ளி டைரியின் கடைசிப் பக்கத்தில். ஜிப்ஸி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். திருக்கழுக்குன்றம் போக வர சுமார் 30 கிலோமீட்டர், மூன்று லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 300, மாதம் 25 நாளுக்கு 7,500. அரசுப் பேருந்தில் போனால் இதில் எவ்வளவு மிச்சம் என்று அவர் எழுதவில்லை. டைரியை மூடி வைத்துவிட்டார். போதாக்குறைக்கு இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும் அது ஒத்துவராது, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் வேலூர்ப் பக்கத்திலிருந்து தாய்மாமன் வரவழைக்கப்பட்டார். பாட்டியின் தம்பி. ராணுவத்தில் ஏ.எஸ்.சி. பிரிவில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கொரு ஆள் பட்டாளத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாமா வந்தால் பலம் என்று மருமகன் நினைத்திருந்தார்.

மாமா வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துவிட்டார். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேஸிஸை ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டே போனார். 'டங் டங்' என்று வந்த சத்தம் பின் சக்கரத்துக்கு மேலே ஓர் இடத்தில் 'பொத்' என்று மாறியது. முனையால் குத்தினார். உள்ளே போய்விட்டது! வெளியே வந்து பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து பாடியில் வைத்துப் பார்த்தார். கதவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவே இல்லை. அங்கே தகடு கிடையாது, பட்டி பார்த்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"எங்கப்பா ஓடிச்சு இது?"

"கடற்கரை ரிசார்ட்டுல ரெண்டு வருசம் இருந்துச்சு சார்."

உப்புக்காற்று. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கருங்கல்லில் ராஜசிம்மன் கட்டியது. அந்தக் கல்லையே உப்பு அரிக்கிறது என்று தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறது, காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வைத்திருக்கிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் தகட்டைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! ராணுவத்தில் இருந்தவரை அந்த ஜிப்ஸி நன்றாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு கடலோரத்தில் யாரும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவவில்லை, அவ்வளவுதான்.

"மாப்ள, பட்டாளத்துல வண்டின்னா சும்மா இல்ல" என்றார் மாமா. "காலைல எடுக்கறதுக்கு முன்னாடி டிரைவர் எல்லாத்தையும் பாக்கணும். வாரத்துக்கு ஒரு நாள் மெயின்டனன்ஸ் பரேட். எதாச்சும் போச்சுன்னா ஈ.எம்.ஈ. ஒர்க்ஷாப் இருக்கு, ஸ்டோர்ல சாமான் இருக்கு. வண்டிக்குப் பின்னால ஒரு ஊரே நிக்கும். ஒனக்கு யாரு நிப்பா?"

மருமகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இருந்தாலும் ஃபோர் வீல் டிரைவ் மாமா. மழைக்கு, வெள்ளத்துக்கு..."

இந்த இடத்தில் அந்த இரண்டாவது கியர் ராடைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜிப்ஸி எப்போதும் நான்கு சக்கரத்தாலும் இழுக்கும் வண்டி அல்ல. வழக்கமாகப் பின் சக்கரம் மட்டும்தான். ராடைப் போட்டால் முன் சக்கரமும் சேரும். அப்படிச் சேர்த்துக்கொண்டு காய்ந்த தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் எங்கே போகும்? ஷாஃப்டையும் பல்சக்கரங்களையும் முறுக்கும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும், தார் ரோடு விடாது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பூஞ்சேரி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை... இந்தக் குடும்பம் போகிற இடமெல்லாம் தார் ரோடுதான். கடற்கரை மணலில் ஓட்டலாம் என்றால், ஜனவரி முதல் அங்கே ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் அந்த மணலில் டயரை இறக்க மாட்டார்கள்.

வெள்ளத்துக்கு மாமா வேறு பதில் வைத்திருந்தார். "ஓடற தண்ணி ரெண்டடி இருந்தா போதும், இந்த மாதிரி வண்டியத் தூக்கிரும். ஒரு டன்னுதான இது? நாலு சக்கரமும் சுத்தும், தரையில படாது. முடிச்சூருக்கு மிலிட்டரி எதுல வந்துச்சு சொல்லு?"

மருமகன் பதில் சொல்லவில்லை. போட்டில் வந்தார்கள். 2015-ல் தாம்பரம், ஊரப்பாக்கம் பக்கமெல்லாம் மக்களை வெளியே கொண்டுவந்தது படகுகள். மாடியிலிருந்து அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். தண்ணீரில் நின்ற ஜீப்பை அந்த இரண்டு நாளில் அவர் பார்க்கவே இல்லை. அவருடைய மனத்தில் மட்டும்தான் அது வந்து நின்றது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆசைப்பட்டவனை ஒரு தடவையாவது ஓட்டவிட வேண்டும் என்று பாட்டிதான் சொன்னார். மறு ஞாயிறு எல்லாரும் திருக்கழுக்குன்றம் மலை அடிவாரம் வரை போய்வருவது என்று ஏற்பாடு. பாட்டிக்கு முன் சீட். முதல் தடவை கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினார், எட்டவில்லை. இரண்டாவது தடவை பேத்தி பின்னாலிருந்து தாங்கினாள். கடைசியில் ஷெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த ஸ்டூலையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார் மனைவி. இறங்கும்போது வேண்டுமே!

பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. ஆறு ஜவான்கள் தொப்பென்று குதித்து இறங்குவதற்குத் தோதான அமைப்பு. பிரேக் போட்டால் பக்கவாட்டில் சாய்வார்கள், பெல்ட் போட்டாலும் அந்தப் பக்கம் நிற்காது. 2020-ல் மஹிந்திரா தார் புது வடிவில் வந்தபோது பக்கவாட்டு இருக்கையோடும் ஒரு வகை விற்றார்கள், சீக்கிரமே அதை நிறுத்திவிட்டார்கள். (அந்தப் புதுத் தார் உருவானது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பரனூர் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2012 முதல் இயங்கும் ஆராய்ச்சி மையத்தில்தான். வில்லீஸ் ஜீப்பின் கொள்ளுப் பேரன் செங்கல்பட்டுக்காரன்!)

வண்டி ஓடியது. எஞ்சின் சத்தம் அருமை. பேத்திக்கு ஒரே குஷி, முடி பறக்க எழுந்து நிற்கப் பார்த்தாள், அம்மா உட்கார வைத்தார். லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் ஒவ்வொரு வேகத்தடையிலும் எல்லாரையும் ஒரு முறை தூக்கிப் போட்டன. ஓட்டிக்கொண்டிருந்தவர் முகத்தில் மட்டும் பன்னிரண்டு வயசுப் பையனின் சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு மனைவி அன்றைக்கு எதுவுமே பேசவில்லை. பாட்டி முன்னால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தபடியே வந்தார்.

அடிவாரத்தில் நிறுத்தி ஸ்டூலைப் போட்டார்கள். பாட்டி கீழே பார்த்தார்.

"வண்டி நல்லாத்தாம்ப்பா இருக்கு. எறங்கணும்னு நெனச்சாத்தான் பயமா இருக்கு. நான் இங்கியே ஒக்காந்து கும்பிட்டுக்கறேன்."

பத்து நிமிடம் எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு திரும்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய வேகன்ஆர் வந்தது. சீட் நாற்காலி உயரத்தில் இருப்பதால் பாட்டி முதலில் உட்கார்ந்து, அப்புறம் திரும்பி ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துக்கொள்கிறார். செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு மாதம் ஒரு முறை போய்வருகிறார்கள். மழைக்காலத்துக்கென்று வீட்டுக்காரர் வேறு சில ஏற்பாடுகள் செய்திருக்கிறார். மாடி அறையில் ஒரு கேஸ் அடுப்பு, அரிசி, அம்மாவின் மாத்திரை ஒரு மாதத்துக்கு. கனமழை எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே பாட்டியை வேலூருக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றும் பேசி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஜிப்ஸியைச் சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். சேஸிஸில் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்களாம். போன மாதம் பூஞ்சேரி கூட்டுரோட்டில் சிக்னலுக்கு நின்றபோது எதிரே அது வந்தது. பின் பெஞ்சுகள் நிறைய நாற்றுக் கட்டுகள், டயரெல்லாம் சேறு. "அப்பா, நம்ம ஜிப்ஸி!" என்று பெண் கத்தினாள். அவர் கண்ணாடியை இறக்கி, அது ஈ.சி.ஆரில் திரும்பி மறையும்வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.